பள்ளிக் கணக்கில் நம் பிள்ளையின் பெயர்

சிங்கப்பூரில் ஆண்டுதோறும், வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில், வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படுகிறது. அதன் பிறகு ஒவ்வோர் அமைச்சின் செலவையும் தனித்தனியே எடுத்து வைத்து விவாதிக்கிறார்கள். கல்வி அமைச்சின் முறை வரும்போது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. பரீட்சையில் என்ன மாற்றம், புதிய திட்டம் என்ன, உதவித் தொகை யாருக்கு எவ்வளவு என்ற விவரமெல்லாம் பெற்றோர்களுக்குப் போகிறது. இந்த 2020ஆம் ஆண்டுகளில் அந்தத் தீவு கல்விக்கென்று ஆண்டொன்றுக்கு ஒதுக்கிவரும் தொகை 1,300 கோடி வெள்ளிக்கும் மேல். தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தலைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் செலவாகிறது.

அது அவர்கள் நாட்டுக் கணக்கு, பால் வெட்டுகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் இந்த இதழில் அந்தக் கணக்கைத்தான் நாம் எடுத்துக் கொண்டிருக்கிறோம். ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டி விடியற்காலையில் வேலைக்குப் போகிற கூட்டத்தில் நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது தோழர்களுக்குத் தெரியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் ரப்பர் இருந்தது. செம்பவாங்கிலும் நீ சூனிலும் மண்டாயிலும் நம்மவர்கள் மங்கு கழுவினார்கள், பால் தூக்கினார்கள், பெரட்டுக்கு நின்றார்கள். அங்கேயும் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. மானியம் இல்லாமலா அவை போயின என்றால், இல்லை. சட்டம் தடுத்ததா என்றால், அதுவும் இல்லை. பின் எப்படிப் போயின என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நம் தோட்டப் பள்ளியின் வருங்காலத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பெரட்டில் ஆள் நின்றால் பெயர் உண்டு, பெயர் இருந்தால் சம்பளம் உண்டு. மாதக் கடைசியில் பெயர்களைக் கூட்டினால்தான் தோட்டத்தின் செலவு தெரியும். பள்ளிக்கூடத்தின் கணக்கும் இதே மாதிரிதான் நடக்கிறது. எத்தனை பிள்ளை பதிவேட்டில் இருக்கிறதோ அத்தனை பிள்ளைக்கு மானியம். பிள்ளை குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் வாத்தியார் குறைவார். வாத்தியார் குறைந்த பள்ளியில் இருக்கிற பிள்ளையையும் பெற்றோர் எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தச் சக்கரம் ஒரு முறை சுழலத் தொடங்கினால் அதை நிறுத்த எந்த மந்திரியாலும் எளிதில் முடியாது.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு உத்தரவிடலாம். சட்டத்தின் எழுத்து அழகாகத்தான் இருந்தது. நடைமுறையில் என்ன நடந்தது? ஓர் அறை கிடைத்தால் போதும், அது பள்ளிக்கூடம். அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, காலையில் கணக்கெழுதிவிட்டு வந்த கிராணியோ, அவரே வாத்தியார். அப்படிப்பட்ட பள்ளிக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று எந்த வெட்டுத் தொழிலாளியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் துரை என்ன சொல்லியிருப்பார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருந்த அந்தப் பழக்கம், துரைமார் கப்பலேறிப் போன பின்பும் நம்மை விட்டுப் போகவில்லை.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். யுத்தம் முடிந்த பின், 1947இல், அங்கே பத்தாண்டுக் கல்வித் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. தாய்மொழி எதுவாயினும் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி இலவசம் என்ற கொள்கை அப்போது பிறந்தது. 1956இல் அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. சீனப் பள்ளிகளின் பிரச்சினையை ஆராயத்தான் அந்தக் குழு அமைக்கப்பட்டது. ஆனால் அதன் முடிவால் தமிழுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று அது கூறிற்று. 1957இல் கல்விச் சட்டமும் வந்தது. காகிதத்தில் நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

தமிழ்ப் பள்ளிகளின் பின்னாலிருந்தவர்கள் பெரும்பணக்காரர்கள் அல்லர். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் நாரிஸ் ரோட்டில் இராமகிருஷ்ண மிஷன் 1932இல் எழுப்பிய கட்டடத்தில் விவேகானந்தர் பெயரில் ஆண் பிள்ளைகளுக்கும் சாரதா தேவியார் பெயரில் பெண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பள்ளிகள் நடந்தன. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூரிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம்கள் தங்கள் லீக்கின் பெயரால் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. மதம் பார்க்காமல் தமிழ் பேசும் பிள்ளைகள் எல்லோரும் அங்கே படித்தார்கள். ஊர்ச்சங்கம் ஒன்று உயர்நிலைப் பள்ளி நடத்துவதென்றால் சும்மாவா! அந்தச் சங்கத்தாரின் பெருமையை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். நான்கு மொழியும் சமம் என்று அறிக்கை வந்தது 1956இல். தொடக்கப் பள்ளியை முடித்த தமிழ்ப் பிள்ளை அதற்கு மேல் தமிழிலேயே படிக்க உயர்நிலைப் பள்ளி வந்தது 1960இல். அந்த இடைவெளியில் எத்தனை பெற்றோர் காத்திருப்பார்கள்?

அவர்கள் காத்திருக்கவில்லை. 1959ஆம் ஆண்டளவிலேயே சிங்கப்பூரில் பள்ளி சென்ற பிள்ளைகளில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெற்றோரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தகப்பன், தன் மகன் மேசையில் உட்கார்ந்து எழுதும் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். அந்த உத்தியோகத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தது. தமிழில் படித்து முடித்தவனுக்குத் தமிழ் வாத்தியார் வேலை, இல்லாவிட்டால் பழைய மூட்டைதான். அந்த வாத்தியார் வேலைக்கும் சம்பளம் ஆங்கிலப் பள்ளி ஆசிரியருக்குச் சமமாக இருக்கவில்லை. அதற்காகப் போராடத்தான் தமிழாசிரியர்கள் 1951இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். இது நம் வர்க்கத்தின் கதைதான். தொழில் மட்டும் வேறு.

பிறகு வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பிரிட்டிஷ் படைகள் 1971இல் சிங்கப்பூரை விட்டு வெளியேறின. செம்பவாங்கில் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் குடும்பங்களில் பல ஊருக்குத் திரும்பின. ரப்பர்த் தோட்டங்கள் அடுக்குமாடி வீடுகளாயின. நீ சூன் என்ற பெயர் ஈசூன் ஆயிற்று. தோட்டம் நடத்திய புக்கிட் செம்பவாங் கம்பெனி இன்று வீடு கட்டி விற்கும் கம்பெனி. லயத்தில் ஒன்றாக இருந்த ஐம்பது குடும்பம் ஐந்து நகரங்களில் பிரிந்து குடியேறினால், பக்கத்துத் தமிழ்ப் பள்ளி என்ற பேச்சே பொருளற்றதாகி விடுகிறது. கடைசியாக நின்ற உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி, தாய்மொழி இரண்டாவது மொழி என்ற ஏற்பாடு நிலைபெற்றது.

அரசாங்கம் கொன்றுவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். சமூகம் கைவிட்டது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. நம்முடைய அபிப்பிராயம் இது: பதிவேட்டில் பெயர் குறைந்து வருவதை ஆண்டுக்காண்டு உட்கார்ந்து பார்த்து, பத்து வருஷத்துக்கு முன்பே கூச்சல் போட நம்மிடம் ஆள் போதவில்லை. மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்க ஆயிரம் பேர் கிடைத்தார்கள். முழங்கியவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று தமிழவேள் கோ. சாரங்கபாணி 1950களில் கிளம்பியபோது, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதிக்குத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 1956இல் இந்திய ஆய்வியல் துறை பிறந்தது. உச்சியில் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தோம். அடியில், ஒன்றாம் வகுப்பில் இந்த வருஷம் எத்தனை பிள்ளை சேர்ந்தது என்று கேட்கத் தவறினோம்.

கிராணிமார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நேர்மையாகாது. தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவில் தலைமை தாங்கித் தமிழின் இனிமையைப் பேசிவிட்டு, தன் சொந்தப் பிள்ளையைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நம் இனத்தில் குறைவா? சங்கத் தலைவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். செக்ரோலில் நாலு சதம் தவறினால் கண்டுபிடிக்கத் தெரிந்த நாம், பள்ளிக் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. பிள்ளை வேறிடத்தில் படிக்கும்போது அந்தப் பள்ளியின் கணக்கில் நமக்கு என்ன அக்கறை இருக்கும்?

சிங்கப்பூர் அரசாங்கத்தை முழுவதும் குறை கூறி முடிப்பதும் தர்மமல்ல. தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. தமிழ் கற்பிக்க வசதியில்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்காக, மூடப்பட்ட பள்ளியின் பெயரையே தாங்கி 1983இல் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் அது பீட்டி ரோட்டில் நடக்கிறது. சிராங்கூன் ரோட்டுக்கு மளிகை வாங்கப் போகும் நம்மவர்கள் சற்றே நடந்தால் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம். பணத்தைப் பொறுத்தவரையிலும் ஏழைப் பிள்ளைக்கு வழி இருக்கிறது. குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் சம்பளம் கிடையாது. மாதம் 13 வெள்ளிக்கு மேற்படாத சில்லறைக் கட்டணம்தான். 1993இல் ஏற்பட்ட எடுசேவ் நிதியிலிருந்து, 2019 முதல், தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் கணக்கில் ஆண்டுக்கு 230 வெள்ளியும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையின் கணக்கில் 290 வெள்ளியும் போடப்பட்டு வருகின்றன. வறிய குடும்பங்களுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் உண்டு. 2025ஆம் ஆண்டில் அதன் வருமான வரம்பைக் குடும்பத்துக்கு 4,000 வெள்ளி, அல்லது ஆள் ஒன்றுக்கு 1,000 வெள்ளி என்று உயர்த்தினார்கள். அந்த உதவி கிடைத்தால் கட்டணமில்லை, பாடப் புத்தகமும் சீருடையும் இலவசம், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவி.

ஆனால் மனுப் போட வேண்டும். இங்கேதான் நம் ஜனங்களின் குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனுவில் சம்பளத்தை எழுத வேண்டும், வீட்டில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும், அதைப் பள்ளிக் காரியாலயத்தில் நீட்ட வேண்டும். நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் வந்துவிடுகிறது. அதிலும் தாய்மார்களுக்கு இந்தக் கூச்சம் அதிகம். கடன் வாங்கிச் சப்பாத்து வாங்குவார்கள். மனுப் போட மாட்டார்கள். போனஸ் கேட்கும்போது இந்தக் கூச்சம் நமக்கு இருந்ததா? ஆஸ்பத்திரிச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்று போராடியபோது இருந்ததா? நாடாளுமன்றத்தில் ஒதுக்கப்பட்ட பணம் அது. வரி கொடுத்த ஜனங்களுடைய பணம். அதைக் கேட்பது பிச்சையன்று.

இன்னொரு ஏற்பாட்டையும் தொழிற்சங்கக் கண்ணோடு பார்க்க வேண்டும். இந்திய மாணவர்கள் படிப்பில் பின்தங்கி நிற்கிறார்கள் என்ற கவலையில் 1991இல் அங்கே சிண்டா என்கிற இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தோன்றிற்று. சம்பளம் வாங்கும் இந்தியர்களிடமிருந்து மாதந்தோறும் ஒரு தொகை, மத்திய சேம நிதியோடு சேர்த்துப் பிடிக்கப்படுகிறது. 2015இல் திருத்தப்பட்ட விகிதப்படி, மாதம் 1,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரர் ஒரு வெள்ளி கொடுக்கிறார்; 15,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர் 30 வெள்ளி கொடுக்கிறார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகவும் வழியுண்டு. அரசாங்கமும் தன் பங்குக்கு மானியம் சேர்க்கிறது. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன.

இதை நாம் மெச்சுகிறோம். தரையைப் பெருக்குகிற அம்மாளின் ஒரு வெள்ளியும் வக்கீலின் முப்பது வெள்ளியும் ஒரே பெட்டியில் விழுந்து, மூன்றாவது ஒருவரின் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தருகிறதென்றால் அது சின்ன விஷயமன்று. ஆனால் வரவு செலவை ஆண்டறிக்கையாக அந்தச் சங்கம் வெளியிடுகிறதே, ஒரு வெள்ளி கொடுத்த அம்மாள் அதைப் பார்த்திருப்பாரா? பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? சந்தா கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம் என்பது தொழிற்சங்கத்தின் அரிச்சுவடி. சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் எந்தத் தொகைக்கும் அது பொருந்தும். நம் சங்கத்தின் சந்தாவுக்கும் பொருந்தும் என்பதை ஒளிக்காமல் சொல்லிக் கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் ரோட்டில் தோளோடு தோள் உரசி நிற்கிற கூட்டத்தைப் பற்றியும் இங்கே நினைவு வருகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. அந்த நகரத்துப் பள்ளிகளின் கூரையைக்கூட அவர்கள் போட்டிருக்கலாம். அந்தப் பள்ளியின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பிள்ளையின் பெயர் இல்லை. நம் பாட்டன்மார் இங்கே வந்தபோது, ஓட்டைக் கொட்டகையாயினும் பிள்ளைக்குப் பள்ளி ஒன்று வைக்க வேண்டும் என்று சட்டமாவது இருந்தது. இதற்கு இந்தத் தலையங்கத்தில் விடை கிடையாது. ஆயினும் பள்ளிக் கணக்கைப் பேசும்போது, கணக்கிலேயே வராத பிள்ளைகளை மறந்துவிட மனம் ஒப்பவில்லை.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் இன்னும் 500க்கு மேல் இருக்கின்றன. சிங்கப்பூரில் அறுந்துபோன கயிறு நம் கையில் இன்னும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை. அதாவது ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். பள்ளி நிற்கிற மண் அரசாங்கத்தின் மண் அல்ல. எஸ்டேட் கம்பெனியின் மண், அல்லது வேறு யாருடையதோ. தோட்டம் கைமாறினால் அந்த மண்ணின் கதி என்ன என்று எழுத்தில் இருக்கிறதா? 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். தோட்டப் பள்ளிகளில் மிகப் பல அந்த வகையில்தான் இருக்கின்றன. மானியமோ தலைக்கு இவ்வளவு என்று வருகிறது. ஆக, சிங்கப்பூரில் சுழன்ற சக்கரம் இங்கேயும் அச்சில் ஏறித்தான் இருக்கிறது.

வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப் பள்ளிகளுக்கு இத்தனை லட்சம் என்று ஒவ்வோர் ஆண்டும் தலைப்புச் செய்தி வருகிறது. அதைப் படித்து மகிழ்கிறோம், அல்லது போதாது என்று திட்டுகிறோம். மகிழ்வதும் திட்டுவதும் ஒரே நாளில் முடிந்து விடுகிறது. நம் தோட்டத்துப் பள்ளிக்கு அதில் எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது, கூரைக்கா கழிவறைக்கா, குத்தகை எடுத்தவர் யார், வேலை முடிந்ததா என்ற கேள்வி அடுத்த நாள் எழ வேண்டும். எழுவதில்லை. பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்துகின்றன. போகிறவர்கள் யார்? ஐந்தாறு பேர் முன்வரிசையில். கணக்கு வாசிக்கப்படுகிறது, ஒருவர் முன்மொழிகிறார், ஒருவர் வழிமொழிகிறார், தேநீர் வருகிறது. கூட்டமோ சில இடங்களில் வேலை நாள் காலையில் வைக்கப்படுகிறது. வெட்டுக்காட்டில் நிற்கிற தகப்பன் பாலைப் பாதியில் விட்டுவிட்டா வருவான்?

தலைமையாசிரியர் மனம் நோகுமே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நல்ல குணத்திலிருந்து வருவதுதான். வாத்தியாரை மரியாதை செய்து பழகிய ஜனங்கள் நாம். ஆனால் கணக்குக் கேட்பது திருட்டுப் பட்டம் கட்டுவதாகாது. உண்மையில் அது வாத்தியாருக்கே துணை. கூரை ஒழுகுகிறது என்று மேலிடத்துக்குத் தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் எழுதினால் அது ஒரு கடிதம். நாற்பது பெற்றோர் கையெழுத்திட்டு, போன வருஷம் இவ்வளவு கேட்டோம், இவ்வளவு வந்தது, இவ்வளவு குறைகிறது என்று கணக்கோடு எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கணக்கு நமக்குப் புரியாது என்று சொல்கிறவர்களை நாம் ஒப்ப மாட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து தவணை தவணையாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் கல்லூரி கண்டவர்கள்? பாலின் எடையையும் காய்ந்த ரப்பரின் விகிதத்தையும் மனக்கணக்காகப் போட்டு, கிராணி எழுதியது தவறு என்று நம் மேசைக்கு முன்னால் வந்து நின்று வாதாடி ஜெயித்த அம்மாமார்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கா பள்ளிக் கணக்குப் புரியாது?

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கும் தோட்டக் கமிட்டித் தோழர்களுக்கும் நாம் கேட்டுக் கொள்வது இவ்வளவே. உங்கள் பள்ளியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பகலிலோ வேலை முடிந்த மாலையிலோ வைக்கும்படி வாரியத்தாரிடம் இப்போதே சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கைத் தமிழில் எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கோயில் வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க ஆளில்லை என்றால் உங்கள் தோட்டத்துக் கிராணியைப் பிடியுங்கள். மறுத்தால் நமக்கு எழுதுங்கள். அவரிடம் நாம் பேசிக் கொள்கிறோம். கூட்டத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் தொகையைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். லயத்தில் நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஆயாக் கொட்டகையில் கேட்டாலே தெரிந்துவிடும். அந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். உதவித் தொகைக்கு மனுப் போடக் கூச்சப்படுகிற வீடு எதுவென்று உங்களுக்கே தெரியும். மகளிர் பகுதித் தோழியர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மனுவை நிரப்பிக் கொடுக்கட்டும்.

அந்தத் தாள்களின் நகலைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வந்த தோட்டங்களின் கணக்கை, பெருமையோ குறையோ, இந்தப் பத்திரிகையில் அப்படியே வெளியிடுவோம். அனுப்பாத கிளைகளின் பெயரையும் வெளியிடுவோம்.